போன் இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2024

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இலவச ரெக்கார்டிங் அறை நடத்துகிறோம், உதவுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கு எல்லாப் பையன் கையிலும் போன் இருக்கிறது, இலவச ஆப் இருக்கிறது. போனில் பாடி ஏற்றிய பாட்டே லட்சக்கணக்கில் ஓடுகிறது. வாடகை, கரண்ட் பில், மைக் என்று நீங்கள் செலவழிக்கும் காசில் ஆளுக்கொரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிடலாமே?

8 ஜூன், இரவு

போனைக் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரை அவர்கள் போனில் பாடி அனுப்பியதைக் கேட்டுத்தான் கூப்பிட்டோம். ஆனால் போனை எங்கே வைத்துப் பாடுவது? வியாசர்பாடியில் ஒற்றை அறை வீடு, அதற்குள் ஐந்து பேர், டிவி, குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சண்டை. பையன் கொஞ்சம் குரலெடுத்தால், "நைட் டூட்டி பாத்துட்டு வந்து அப்பா படுத்துக்கிறாருடா" என்று அம்மா அதட்டுவார். அவன் வாய்க்குள்ளேயே பாடுவான். போனில் பதிவாவது அந்தக் குரல்தான். தன் முழுக்குரலை அவனே கேட்டிருக்க மாட்டான்.

எங்கள் அறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. சனி, ஞாயிறு மட்டும் திறப்போம். நான் வடபழனிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தவன். டோலக் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்பார்கள். கணக்கு வழக்கு பார்க்கக் கல்லூரியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர். மூன்று பேருக்கும் சம்பளம் கிடையாது. நன்கொடை வாடகைக்கும் கரண்டுக்கும் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் போகிறது.

9 ஜூன்

நேற்று எழுதியது அரைகுறை. இன்று நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும்.

பதினான்கு வயதுப் பையன், கானா பாடுகிறவன். முதல் தடவை வந்தான். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் டேக் போகும்போது நிறுத்திவிடுவோம். ஜூன் வெயிலில் மூடிய அறை, ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். கிட்டத்திலேயே வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன். மின்சார ரயில் வந்தால் ஜன்னல் அதிரும், அது போகிறவரைக்கும் எல்லோரும் அசையாமல் நிற்போம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பாடி முடித்தான். ஹெட்போனை மாட்டிவிட்டு ஓட்டிக் காட்டினேன். பாதியிலேயே கழற்றிவிட்டு, "யார்ணா இது? என் கொரல் மாரியே இல்ல" என்றான். எல்லோருக்கும் வருகிற அதிர்ச்சிதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாகவும் போகிறது, மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு வழி போவது அடிக்குரலைத் தூக்கிக் காட்டும். மைக்குக்குக் காற்று வழி வருவது மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னேன். "அப்ப ஊருக்கெல்லாம் இப்படித்தான் கேக்குதா?" என்றான். ஆமாம் என்றேன். மறுபடி ஹெட்போனை மாட்டி மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவை, "இங்க மூச்சு பத்தல, இந்த எட்த்துல அவசரப்பட்டேன்" என்று அவனே சொன்னான். நான் வாயே திறக்கவில்லை.

அந்த அறையை அதற்காகத்தான் வைத்திருக்கிறோம். பதிவு செய்வதைவிட, நிதானமாகத் திரும்பக் கேட்க ஓர் இடம். கேட்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர், அவசரப்படாமல்.

11 ஜூன்

"முட்டை அட்டையை ஒட்டினால் சவுண்டு வெளியே போகாதே, அதற்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து ஒட்டாதீர்கள். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். மேல் அலைவரிசையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். ஓசை வெளியே போகாமல் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அட்டையில் தீ பிடித்தால் அறை மொத்தமும் போகும்.

நாங்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சேலைத் துணியில் தைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டிருக்கிறோம். ஒட்டித் தொங்கவிடுவதைவிட இப்படித் தள்ளித் தொங்கவிட்டால் நடு அலைவரிசையையும் கொஞ்சம் பிடிக்கும். (முதல் மெத்தையில் மூட்டைப்பூச்சி இருந்தது. அன்றைக்குப் பாடிய பெண் சரணத்தை ரொம்ப வேகமாக முடித்தாள்.) ஆனால் தீ விஷயத்தில் பஞ்சும் காகிதமும் ஒன்றுதான் என்று அக்கா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். சரிதான். மெத்தைப் பக்கம் ஒயரோ விளக்கோ வைப்பதில்லை, கதவருகே தீயணைப்பான் இருக்கிறது, தீப்பிடிக்காத பாறைக் கம்பளிப் (ராக்வூல்) பலகைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மெத்தை பிடிக்காதது அடிச்சத்தம். பன்னிரண்டு அடி நீள அறை சுமார் 47 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 94 பக்கத்திலும் தானாக உறுமும். டோலக்கின் தடித்த ஓசை அந்தப் பக்கம் வந்தால் அறையே வாசிக்கிற மாதிரி இருக்கும். மாஸ்டர் நீளத்தில் கால்வாசி இடத்துக்கு, அதாவது மூன்றடிக்கு, நகர்ந்து உட்கார்ந்தார். 94 அடங்கிவிட்டது.

16 ஜூன்

கிளிக் பற்றி, அதாவது பாடும்போது காதில் தாளம் காட்டி ஓடுகிற டிக் டிக் ஓசை பற்றி, எழுத வேண்டும். இதில் நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கியிருக்கிறேன்.

தியேட்டரில் எனக்குப் பழக்கம் என்ன? முதலில் கிளிக் ஓடும். அதன்மேல் தாளம், அப்புறம் மற்ற வாத்தியம், கடைசியில் குரல். எல்லாம் ஒரு கோட்டில் நிற்கும். அதையே முன்பு வந்த வேறொரு கானாப் பையன் காதிலும் போட்டேன். அவன் பாடினது பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து, மறுபடி மறுபடி பாடச் சொன்னேன்.

கானாக்காரர் வரியின் கடைசியில் ஒரு சொல்லை நிறுத்திப் பிடிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்ப்பார். அவர் சிரித்தாலோ தலையை ஆட்டினாலோதான் அடுத்த வரியில் விழுவார். டோலக் அதுவரை காத்திருந்து சேர்ந்து விழும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடிப் பழகிய பாட்டு அது. அழுதுகொண்டிருப்பவர் ஒரு மூச்சு விடும்வரை காத்திருக்கத் தெரிந்த பாட்டு. கிளிக் யாருக்காகவும் காத்திருக்காது.

மூன்றாவது ஞாயிறு மாஸ்டர் பொறுமை இழந்து, "அவனை விட்டுட்டு மிஷினை அவன் பின்னாடி வரச் சொல்லுங்க" என்றார். கிளிக்கை எடுத்துவிட்டேன். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரே டேக்கில் எடுத்தோம். டோலக் குரல் மைக்கில் கசியத்தான் செய்தது. கசியட்டும் என்று விட்டேன்.

17 ஜூன்

நேற்று எழுதியதை வைத்து யாரும் கிளிக்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ராப் பாடும் இரண்டு பேர் வருகிறார்கள், அவர்களுக்குக் கிளிக் இல்லாமல் முடியாது. அவர்கள் பாடுவதே ஓடுகிற பீட்டின் மேல்தான். தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று பாடுவது ஒரு கலை, பின்னால் நிற்க முதலில் தாளம் ஆடாமல் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

என்ன மைக் என்று கேட்டவருக்கு: ஷூர் எஸ்.எம். 57, 58 இரண்டும். இரண்டுமே 1960களில் வந்த மாடல்கள், இன்னமும் மேடைதோறும் இருப்பவை. தனியாக 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கத் தேவையில்லை, கீழே விழுந்தாலும் தாங்கும், கிட்டத்தில் பாடினால் ரயிலும் அச்சு இயந்திரமும் அவ்வளவாக உள்ளே வராது. விலை உயர்ந்த கண்டென்சர் மைக் ஒன்று நன்கொடையாக வந்தது. அச்சகத்துக்காரர் கீழே தும்மினது அதில் பதிவானது. அலமாரியில் வைத்துவிட்டோம். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேல் இந்த அறைக்குத் தேவையில்லை.

19 ஜூன்

"இசைப்பள்ளிக்கு அனுப்புங்கள், கட்டணமும் குறைவு" என்று சொன்னவருக்கு. அனுப்புகிறோம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம், மூன்று வருடம். அங்கே தவில் படிக்கும் பையன் ஒருவன் எங்களிடமும் வருகிறான். ஆனால் அந்த ஏழில் கானா இல்லை, பறை இல்லை. இந்தப் பகுதிப் பிள்ளைக்குத் தன் தெருவில் கேட்கிற பாட்டு படிப்பாகத் தெரியவில்லை என்றால் அவனைக் குறை சொல்ல முடியாது.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறையாக மேடையேறியபோது நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். என் பக்கத்தில் நின்ற பையன்கள் மேடையில் இருந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தெரிந்த அண்ணன்கள். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இப்படி ஓர் அறை வேண்டும் என்று முதலில் தோன்றியது.

23 ஜூன்

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் செய்த தவறு, எனக்கு இன்னும் வலிக்கிறது.

போன வருடம் ஒரு பையன், பதினாறு வயது. சொந்தமாக எழுதுவான். பாட்டு தொடங்குகிற இடம்: "வயி தெரில, வயிறு எரிது". நான் டேக்கை நிறுத்தி, "வயி இல்லப்பா, வழி. நாக்கை மடி" என்றேன். அவன் முயற்சி செய்தான். ஒன்பது டேக். ஒன்பதாவதில் ழகரம் சுத்தமாக விழுந்தது, பாட்டில் உயிர் இல்லை. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் அப்பாவின் மீன் வண்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினான். "எங்க வூட்ல யாரும் அப்படிப் பேச மாட்டாங்கண்ணா. கேட்டா, வேற யாரோ பாடுற மாரி இருக்குது" என்றான்.

வீட்டுக்கு வந்து பழைய டேக்கையும் ஒன்பதாவது டேக்கையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அப்போதுதான் புரிந்தது. வயி, வயிறு. இரண்டாம் எழுத்து ஒன்றி நிற்கிறது. அவன் எதுகை போட்டு எழுதியிருக்கிறான். நான் ழகரத்தைத் திணித்து அந்த எதுகையை உடைத்திருக்கிறேன். இலக்கணம் தெரிந்தவன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, யாப்பு அவனிடம் இருந்தது.

24 ஜூன்

அந்தப் பையனிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம், போய்ச் சொன்னேன். வயி என்று பாடிய முதல் டேக்கைத்தான் வைத்திருக்கிறேன், உன் எதுகை எனக்குக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள் என்றேன். "எதுகைன்னா இன்னாண்ணா?" என்று கேட்டான். வண்டிப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். அவன் மனப்பாடமாக வைத்திருந்த ஏழெட்டுப் பாட்டில் எங்கெங்கே எதுகை என்று அவனே தேட ஆரம்பித்துவிட்டான். வாடிக்கையாளர் ஒருவர் வஞ்சிரம் என்ன விலை என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

இப்போது உச்சரிப்பில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதை யாருக்குப் பாடுகிறாய்? கோயிலில் தேவாரம் பாடப்போகிற பிள்ளைக்கு ழகரம் வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் உட்காரத் தயார்.

30 ஜூன்

மகரக்கட்டு, அதாவது வளரும் பையன்களுக்குக் குரல் உடைவது. இதைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பையன்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இது வரும்.

ஒருவன் பன்னிரண்டு வயதில் வந்தான். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் அநாயாசமாகப் பாடுவான். தெருவே அவனைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லும். இரண்டு பாட்டுப் பதிவு செய்தோம். பதிமூன்றரை வயதில் குரல் உடைய ஆரம்பித்தது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண் நீண்டு தடிக்கும்போது நடப்பது, சுருதி கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். உடம்புக்கு அது இயல்பு. பையனுக்கு இயல்பாக இல்லை. ஒரு சொல் மேலே போய்க் கிழியும், அடுத்தது அடியில் விழும். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

நான் முதலில் செய்த உருப்படியான வேலை, அவனைப் பாடச் சொல்லாதது. மேல் ஸ்தாயியை எட்டிப்பிடிக்கக் கத்தினால் குரல் கெடும் என்று அவன் அம்மாவிடமும் சொன்னேன். அந்த வருடம் முழுக்க மாஸ்டரிடம் டோலக் பழகினான். தாளத்துக்கு ஏற்ற மாதிரி நோட்டில் வரிகள் எழுதினான். வாரம் ஒரு தடவை, இறங்கின குரலில், கஷ்டப்படாமல் எட்டுகிற நாலைந்து சுரத்துக்குள் மட்டும் முனகச் சொல்வேன். இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. குரல் ஒரு கட்டைச் சுருதியில் வந்து நின்றிருக்கிறது. தடித்த, கொஞ்சம் மணல் கலந்த குரல். எனக்குப் பழையதைவிட இது பிடித்திருக்கிறது.

பன்னிரண்டு வயதுப் பதிவை ஒரு வருடம் கேட்க மாட்டேன் என்றான். அழிக்கச் சொன்னான், நான் அழிக்கவில்லை. போன மாதம் அவனே கேட்டு வாங்கினான். "என் தம்பி பாடுற மாரி கீது" என்று சொல்லிச் சிரித்தான். தம்பி கிடையாது அவனுக்கு.

7 ஜூலை

காகித விஷயம். பிள்ளைகளுக்குப் பாட்டைச் சொல்லித் தருகிற யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

எங்களிடம் வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனின் பாட்டை ஒரு சேனல்காரர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஒரு தாளில் கையெழுத்து. பாட்டு ஓடியது. எழுதியவர் என்ற இடத்தில் வேறு பேர். பையன் அதைப் பெட்டிக்கடை டிவியில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டான்: "நான் கையெழுத்து போட்டேனேண்ணா, அப்ப அவருதுதானே?"

இல்லை. பதினெட்டு வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. 1903இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் கொடுத்த தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. பாட்டு எழுதினால் அதன் உரிமை எழுதிய அந்தக் கணத்திலேயே எழுதியவருக்கு வந்துவிடும், எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், வாய்ச்சொல் போதாது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 1957ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடியவர் தன் பேரைப் போடச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு.

அக்கா இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதி வைத்திருக்கிறார். முதல் பாட்டுப் பதிவாகும் முன் பிள்ளையும் வீட்டாரும் உட்கார்ந்து அதைச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். எங்கள் அறையில் பதிவாகிற பாட்டு பாடியவருக்குத்தான் சொந்தம், எங்களுக்கு அதில் பங்கே கிடையாது.

9 ஜூலை

மேலே உள்ளதின் கடைசி வரியைத் திருத்த வேண்டும். வக்கீல் நண்பர் ஒருவர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். வரியும் மெட்டும் எழுதியவருடையது, சரி. பாடியவருக்குப் பாடியவர் என்ற உரிமை உண்டு, அதுவும் சரி. ஆனால் ஒலிப்பதிவு தனி உரிமை. பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர்தான் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர், முதல் உரிமை அவருக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் அறக்கட்டளை வாய் திறக்காமல் இருந்தால் மூல ஒலிப்பதிவு எங்களுடையது என்று வாதம் பண்ண இடம் இருக்கிறது. நல்லெண்ணம் காகிதத்தில் இல்லை என்றால் நாளைக்கு அறக்கட்டளையில் வேறு ஆட்கள் வரும்போது என்ன ஆகும்?

ஆகவே இந்த வாரம் முதல், ஒலிப்பதிவு உரிமையையும் எழுத்தில் பிள்ளைக்கே மாற்றிக் கொடுக்கிறோம், காலமும் இடமும் குறிப்பிட்டு. பழைய பதிவுகளுக்கும் ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். மை தீர்ந்து அச்சகத்திலேயே பேனா வாங்கினோம்.

13 ஜூலை

பறை. இரண்டு அக்கா தங்கை வாசிக்கிறார்கள். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் நீளமான சிண்டுக்குச்சி. தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றிக்கொண்டுதான் அடிக்க வேண்டும். மாடியில் எரிக்க முடியாது, கீழே தெருவோரம் அச்சகத்துக் காகிதக் கழிவைக் கொளுத்திக் காய்ச்சிவிட்டு மேலே ஓடி வருவார்கள். சென்னை ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் தளரும். முதல் டேக்குக்கும் ஐந்தாவது டேக்குக்கும் ஓசையே வேறு. இரண்டையும் வெட்டி ஒட்ட முயன்று ஒரு முழு ராத்திரி போனது எனக்கு. இப்போது ஒரு காய்ச்சலுக்கு இரண்டு டேக், அப்புறம் மறுபடி கீழே.

காது விஷயமும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மூடிய சின்ன அறையில் பறையும் தவிலும் அதைச் சுலபமாகத் தாண்டும். நுரைப் பஞ்சுக் காதடைப்பான் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. தவில் பையன், "எங்க வாத்தியார் போட மாட்டாரே" என்றான். உங்கள் வாத்தியாரிடம் பின்னால் நின்று மெதுவாகப் பேசிப் பார் என்றேன். அடுத்த வாரம் அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

28 ஜூலை

ஆடி. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். எங்கள் மெத்தைகள் அம்மன் பாட்டுக்கு முன்னால் நிற்காது. இரண்டு வாரமாகப் பதிவு இல்லை.

சும்மா இருப்பானேன் என்று பிள்ளைகளைப் போனோடு தெருவுக்கு அனுப்பினேன். பம்பையும் உடுக்கையும் அடிப்பவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கிப் பதிவு செய்யச் சொன்னேன். திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்ததைக் கேட்டு அசந்துபோனேன். ஒரு பையன் போனைத் துண்டில் சுற்றிக் காற்றை மறைத்திருக்கிறான். ஒருத்தி ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி, தன் உடம்பையே மறைப்பாக வைத்துப் பம்பைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். இதை நான் கற்றுக் கொடுக்கவில்லை.

முதலில் கேட்ட வாசகரே, உங்கள் கேள்வியில் பாதி சரி. அடுத்த நன்கொடையில் நல்ல போன் இரண்டு வாங்கப் போகிறோம், நூலகப் புத்தகம் மாதிரி எடுத்துப்போய்த் திருப்பித் தர.

11 ஆகஸ்ட்

அந்த மறைப்பாக நின்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வயது. பாட வந்தவள், இப்போது மேஜையில் உட்கார்ந்து பதிவு செய்வதும் அவள்தான். ஆறு மணிக்கு மேல் வீட்டில் விட மாட்டார்கள். தனியாகவும் விட மாட்டார்கள், துணைக்குப் பாட்டி வருவார். மூலையில் நாற்காலி போட்டு வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பார். பெண் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் இந்த மாதிரிப் பாட்டிகளுக்கு நாற்காலியும் தண்ணீரும் கழிவறையும் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் எங்களுக்கு இது தெரியவில்லை.

போன மாதம் பேத்தி சொன்னாள், பாட்டி ஒப்பாரி பாடுவார், அவரை மாதிரி பாட இப்போது தெருவில் ஆள் இல்லை என்று. போனில் எடுக்கப் பார்த்திருக்கிறாள். பாட்டி ஒத்துக்கொள்ளவே இல்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது. அவர் நம்பிக்கை அது, அதில் பேச்சுக்கு இடமில்லை. நேற்று அவராகவே என்னைக் கூப்பிட்டு, "இது வூடு இல்லல்ல?" என்று கேட்டார்.

கீழே போய் அச்சகத்துக்காரரிடம் கேட்டேன். அவர் கட்டடம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வேணாம். இன்னைக்குப் பாடட்டும்" என்றார். மிஷினை நிறுத்திவிட்டுப் பையன்களை டீ குடிக்க அனுப்பினார்.

பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மைக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் மைக்கை இறக்கி வைத்தேன். யாருக்காகப் பாடப் போகிறார் என்று கேட்கவில்லை. மாஸ்டர் டோலக்கை உறையில் போட்டார். ரயில் ஒன்று வந்தது, போகும்வரை நின்றோம். பேத்தி எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.